பிக்கப் வண்டிகளில் முன் அச்சு இணைப்பு: வரலாறும் பழுதுகளும்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகளைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. ஓட்டுநர் நெம்புகோலை நான்கு சக்கர நிலைக்குத் தள்ளுகிறார். டாஷ்போர்டில் விளக்கும் எரிகிறது. ஆனால் பனியிலோ சேற்றிலோ பின் சக்கரங்கள் மட்டும் சுழல்கின்றன; முன் சக்கரங்கள் சும்மா நிற்கின்றன. பழி பெரும்பாலும் டிரான்ஸ்பர் கேஸ் மீது விழும். வண்டியின் விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. உண்மையான பழுதோ பல நேரங்களில் முன் அச்சை இணைக்கவும் விலக்கவும் வைத்த ஒரு சிறு கருவியில் இருக்கும். சில நேரம் ஒரு சாண் ரப்பர் குழாயில்கூட இருக்கும். அந்தக் கருவி ஏன் தேவைப்பட்டது, எளிதில் கெடக்கூடிய இடத்தில் அது ஏன் போய் அமர்ந்தது என்பதற்கான விடை இரண்டாம் உலகப்போர் ஜீப்பிலிருந்து தொடங்குகிறது.

போருக்குப் பின்

போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் முன் அச்சை இணைப்பது எளிய வேலை. கியர் நெம்புகோலுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று முன் அச்சை இணைக்கும், மற்றது தாழ்வேகப் பல்சக்கரத்தை இணைக்கும். வில்லிஸ் உரிமத்துடன் இந்தியாவில் மகிந்திரா தயாரித்த ஜீப்புகளிலும் இதே ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. நெம்புகோலை இழுத்தால் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு விசை போகும். அங்கிருந்து டிஃபரன்ஷியல், அச்சுத்தண்டுகள், சக்கரங்கள் என்று வழி நேரானது. இடையில் விலகக்கூடிய பாகம் எதுவும் இல்லை.

போர் முடிந்து ஜீப்புகள் உழவர்களின் கைக்கு வந்தபோதுதான் இதன் குறை தெரிந்தது. நெம்புகோலை விலக்கினாலும், சாலையில் ஓடும் முன் சக்கரங்கள் அச்சுத்தண்டுகளையும் டிஃபரன்ஷியலையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் வீணாகச் சுழற்றிக்கொண்டே இருந்தன. தேய்மானம் கூடியது, எரிபொருள் வீணானது, இரைச்சலும் வந்தது. ஆர்தர் வார்ன் 1948இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம், சக்கரத்தின் நடுவில் பொருத்தும் பூட்டு ஹப்புகளை விற்றது. ஹப்பின் முகத்தில் உள்ள திருகியை ஒரு பக்கம் திருப்பினால் சக்கரமும் அச்சுத்தண்டும் பூட்டிக்கொள்ளும். மறு பக்கம் திருப்பினால் சக்கரம் தனியே உருளும், உள்ளே எதுவும் சுழலாது.

இதே காலத்தில் பிக்கப் வண்டிகளும் நான்கு சக்கர இயக்கத்துக்கு வந்தன. டாட்ஜ் பவர் வேகன் 1946இலும், வில்லிஸ் பிக்கப் 1947இலும் விற்பனைக்கு வந்தன. மின்னியாபொலிஸின் நாப்கோ நிறுவனப் பாகங்களுடன் செவ்ரோலெட் 1957இல் இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது. ஃபோர்டு 1959இல் சொந்தமாகச் செய்தது.

கைப்பூட்டு ஹப்பில் பழுது கண்டுபிடிப்பது கண்ணால் பார்க்கும் வேலை. பொதுவான தவறு ஓட்டுநருடையதாகவே இருந்தது: ஒரு பக்க ஹப்பைப் பூட்டிவிட்டு மறு பக்கத்தை மறந்துவிடுவது. அப்போது முன் டிஃபரன்ஷியல் தன் சுழற்சி முழுவதையும் பூட்டாத பக்கத்து அச்சுத்தண்டுக்கே தந்துவிடும். பூட்டிய சக்கரமும் இழுக்காது. அடுத்த தவறு, காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர நிலையிலேயே ஓட்டுவது. திருப்பங்களில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளும். அந்த வேறுபாட்டைத் தீர்க்க நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் தண்டுகள் முறுக்கேறி, நெம்புகோல் திரும்பி வராது. முன்னும் பின்னும் அளவு வேறுபட்ட டயர்கள் போட்ட வண்டியில் நேர்ச்சாலையிலும் இது நேரும். சிறிது தூரம் பின்னால் ஓட்டினால் முறுக்கு தளர்ந்து நெம்புகோல் விடுபடும். இதைப் பழுது என்று எண்ணி டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றுவது வீண்வேலை.

இறங்காமல் இணைக்கும் ஆசை

ஹப்பைத் திருக ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்க வேண்டும், அதுவும் சேற்றிலோ பனியிலோ. பிக்கப் வண்டி பண்ணையைத் தாண்டி நகரக் குடும்பங்களின் வண்டியாக மாறியபோது இது பெரிய குறையாகத் தெரிந்தது. நிறுவனங்கள் முதலில் கண்ட தீர்வு, முன் அச்சை விலக்காமலே விட்டுவிடுவது. 1970களின் தொடக்கத்தில் வந்த நியூ பிராசஸ் 203 டிரான்ஸ்பர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் இருந்தது. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கின. ஆனால் 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும் அமைப்பு விரும்பப்படாமல் போயிற்று. 1970களின் முடிவில் அது உற்பத்தியிலிருந்து நின்றது. அதைப் பகுதிநேர இயக்கமாக மாற்றிக் கைப்பூட்டு ஹப்புகளுடன் ஓட்டும் பாகத்தொகுப்புகள் சந்தையில் கிடைத்தன.

அடுத்து வந்தவை தானியங்கி ஹப்புகள். ஃபோர்டு ரேஞ்சர், பிராங்கோ 2 போன்ற 1980களின் வண்டிகளில் இவை இருந்தன. அச்சுத்தண்டு சுழலத் தொடங்கியதும் உள்ளிருக்கும் கேம் தானாகப் பூட்டும். விடுவிக்க, நெம்புகோலை விலக்கிவிட்டுச் சில அடிகள் பின்னால் ஓட்ட வேண்டும். குளிரில் கிரீஸ் இறுகினால் பூட்டு விழாது. பலர் இவற்றைக் கழற்றிவிட்டுக் கைப்பூட்டு ஹப்புக்கே திரும்பினார்கள்.

வெற்றிடக் குழாயின் காலம்

1980களின் முக்கிய மாற்றம் ஹப்பில் நடக்கவில்லை, அச்சுக்குள் நடந்தது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1983 மாடலில் நான்கு சக்கர இயக்கம் பெற்ற செவ்ரோலெட் எஸ்-10. அதன் முன் அச்சின் வலது தண்டு இரண்டு துண்டாக இருந்தது. நழுவும் வளையம் ஒன்று அவற்றைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். பிரிந்த நிலையில் இடது சக்கரம் சுழன்றாலும் டிஃபரன்ஷியலின் சிறு பல்சக்கரங்கள் உள்ளேயே சுழன்று கொடுத்துவிடும். பெரிய பல்சக்கரமும் புரொப்பல்லர் ஷாஃப்டும் அசையாமல் நிற்கும். ஒரு தண்டை மட்டும் வெட்டி முழு முன் அச்சையும் ஓய்வில் வைக்கும் இந்த யோசனை கெட்டிக்காரத்தனமானது. பலவீனம், வளையத்தை நகர்த்தும் வழியில் இருந்தது.

ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்தும்போது டிரான்ஸ்பர் கேஸில் உள்ள சுவிட்ச் திறந்து, எஞ்சினின் வெற்றிடத்தை ரப்பர் குழாய் வழியாக ஒரு டயாஃப்ரமுக்கு அனுப்பும். டயாஃப்ரம் ஒரு கேபிளை இழுக்கும். கேபிள் வளையத்தை நகர்த்தும். இந்த டயாஃப்ரம் வைக்கப்பட்ட இடம் பேட்டரித் தட்டுக்கு அடியில். பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் நேரே அதன் மேல் சொட்டியது. அது போதாதென்று, டிரான்ஸ்பர் கேஸ் சுவிட்சின் அடைப்பு தேய்ந்ததும் உள்ளிருந்த எண்ணெய் வெற்றிடக் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு டயாஃப்ரமின் ரப்பரைக் கெடுத்தது. சில வண்டிகளில் அந்த எண்ணெய் ஹீட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்ச் சேர்ந்தது. ஆகவே புது டயாஃப்ரம் மட்டும் மாற்றிய வண்டிகள் மறுபடியும் அதே குறையுடன் பட்டறைக்கு வந்தன. குழாயைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. இருந்தால் சுவிட்சையும் மாற்றிக் குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டும்.

அச்சு இணைகிறதா என்பதை ஜாக்கி ஒன்றை மட்டும் வைத்தே அறியலாம். எஞ்சினை ஓடவிட்டு நான்கு சக்கர நிலையில் இணைத்த பிறகு நிறுத்தி, வண்டியை அசையாமல் கட்டிவைத்து, ஸ்டாண்டுகளின் மேல் முன் சக்கரங்களைத் தூக்கி, இடது சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். வலது சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் வளையம் சேர்ந்திருக்கிறது. சுழலாமல் நின்றால் சேரவில்லை. பிறகு டயாஃப்ரம் முனையில் கேபிளைக் கையால் இழுத்துப் பார்க்கலாம். அப்போது சேர்ந்துகொண்டால் அச்சுக்குள் கோளாறு இல்லை, கோளாறு வெற்றிடத்தின் பக்கம். கேபிளே துருப்பிடித்து இறுகியிருந்தால் இழுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

டாட்ஜ் பிக்கப்களிலும் ஜீப் கோமான்சி பிக்கப்பிலும் இதே வகை அச்சுப் பிரிப்பான் இருந்தது. கேபிளுக்குப் பதிலாக அச்சுக் குழலின் மேலேயே வெற்றிட மோட்டார் பொருத்தப்பட்டது. சக்கரத்தின் பக்கத்தில், உப்பும் சேறும் படும் இடத்தில் குழாய்கள் ஓடின. அவை வெடித்துப்போவதில் வியப்பில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கையால் இழுக்கும் கேபிளைப் பொருத்துவது பரவலான மாற்றாக இருந்தது.

டாஷ்போர்டு விளக்கை நம்புவதிலும் கவனம் தேவை. சில மாடல்களில் விளக்குக்கான மின்தொடர்பு டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வருகிறது, சிலவற்றில் அச்சிலிருந்து வருகிறது. முதல் வகையில் விளக்கு எரிவது நெம்புகோல் நகர்ந்ததற்கு மட்டுமே சான்று.

வெப்பமும் தலைகீழ் வெற்றிடமும்

செவ்ரோலெட்டின் 1988 மாடல் பெரிய பிக்கப்களில் வெற்றிடம் போய் வெப்பம் வந்தது. மின்சாரத்தால் சூடான பொருள் விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். விரிய நேரம் எடுக்கும். கடுங்குளிரில் இன்னும் அதிகம். விசையை அழுத்தியவர் எதுவும் நடக்கவில்லை என்று எண்ணிப் பழுது தேடத் தொடங்கினார்; பல வேளைகளில் சற்றுப் பொறுத்திருந்தாலே போதுமானதாக இருந்தது. பின்னர் 1990களில் மின்மோட்டார் இதன் இடத்தைப் பிடித்தது. பழைய வண்டிகளுக்கும் மின்மோட்டார் மாற்றுத்தொகுப்பு கிடைத்தது.

2004 மாடல் ஃபோர்டு எஃப்-150 மீண்டும் வெற்றிடத்துக்கு வந்தது, ஆனால் தலைகீழாக. எஸ்-10இல் வெற்றிடம் முன் அச்சை இணைத்தது. எஃப்-150இல் வெற்றிடம் சக்கர முனைகளை விலக்கி வைக்கிறது. வெற்றிடம் இல்லையென்றால் ஸ்பிரிங் இணைத்துவிடும். குழாய் கசிந்தால் முன்பு நான்கு சக்கர இயக்கம் கிடைக்காமல் போனது. இதில் இரண்டு சக்கர நிலையில் ஓடும்போதே பற்கள் அரைகுறையாக உரசி அரைபடும் ஒலி எழும். எஸ்-10 அனுபவத்தை வைத்து இந்த வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் தவறான இடத்தில் தேடுவார். ஒலி கேட்டதும் சக்கர பேரிங்கை மாற்றிவிட்டு, ஒலி நிற்காமல் திகைப்பார்.

ஃபோர்டின் கனரக சூப்பர் டியூட்டி பிக்கப்களோ 1999 மாடலிலிருந்தே மின்விசையால் இணையும் வண்டிகளிலும் ஹப்பின் முகத்தில் ஒரு திருகியை வைத்திருந்தன. அதில் 'ஆட்டோ', 'லாக்' என்று இரண்டு நிலைகள். வெற்றிடம் கைவிட்டால் ஓட்டுநர் இறங்கிப் போய்த் திருகிக்கொள்ளலாம்.