மிதிபொறியின் வரலாறும் அடிநிலத்தின் நெகிழ்ச்சியும்

மன்னார்த் தீவின் வடகரையில், மன்னார்ப் பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே, பாக்குநீரிணையை நோக்கியமைந்த கடலூர் பேசாலை. அவ்வூர்ப் பிள்ளைகள் நடை பழகுவது மணலில். மணலில் ஓடுபவனுக்கு அடி வலிப்பதில்லை. ஆயினும் அவன் விரைவில் இளைத்துப்போகின்றான். கற்றரையில் ஓடுபவனோ தொலைதூரம் செல்கின்றான். ஆனால் முழங்கால் நோகின்றது என்கின்றான். மென்மையான நிலம் உடலுக்கு நன்மையா, தீமையா என்னும் வினா இவ்விரு அனுபவங்களுக்கும் இடையே பிறக்கின்றது. மீனவர்க்கு இது பழகிப்போன செய்தி. விஞ்ஞானிகளோ இதற்கு விடை காண ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்திருக்கின்றனர். அவர்தம் ஆராய்ச்சிக்குக் கருவியாய் நின்றது, இன்று 'திரெட்மில்' என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் ஓடுபொறியாகும். அப்பொறியின் வரலாறு விநோதமானது.

மனிதன் தன் உடற்பாரத்தையே விசையாக்கிக் காலால் பொறியை இயக்குதல் புதியதன்று. உரோமரின் பாரந்தூக்கிகளில் மாந்தர் உள்நின்று மிதிக்கும் பெருஞ்சக்கரம் இருந்தமையை விற்றுருவியசு கூறுகின்றார். சீன நாட்டு வயல்களில் நீர் ஏற்றும் மிதிச்சங்கிலிகள் இருந்தன. கேரளத்துக் குட்டநாட்டில் காலால் மிதிக்கும் நீர்ச்சக்கரம் வயல்நீரை வெளியேற்றியது. தமிழகத்து ஏற்றமும் யாழ்ப்பாணத்துத் துலாவும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் ஆடுகாலின் மேல் நெடிய துலாமரம் பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒரு நுனியிலிருந்து துலாக்கொடி கிணற்றினுள் இறங்கும். கொடியின் முடிவிலே பட்டை தொங்கும். ஒருவர் கிணற்றங்கரையில் நின்று பட்டையைப் பிடித்து இறைப்பர். ஒருவரோ இருவரோ துலாவின் மீதேறி முன்னும் பின்னும் நடப்பர். மற்றொருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவர். மிதிப்பவர் கிணற்றுப்பக்கமாக நடக்கப் பட்டை தாழும்; எதிர்ப்பக்கமாக நடக்க அது மேலெழும். விடியுமுன் தொடங்கும் இவ்வேலை பல மணிநேரம் நீடிப்பதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் பம்பிகள் பரவியபின்னரே துலா மிதித்தல் அருகிற்று.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. துலா மிதிப்பவனுடைய காலின் கீழ் இருக்கும் மரம் அசையாத தரையன்று; அவன் பாரத்துக்கு அது தாழ்ந்து கொடுக்கின்றது. எப்போது தாழவேண்டும், எவ்வளவு விரைவாகத் தாழவேண்டும் என்பதை மிதிப்பவனும் இறைப்பவனும் தம்முள் ஒத்துத் தீர்மானிப்பர். ஏற்றப்பாட்டு அவ்வொத்திசைவைப் பேணுதற்கு எழுந்தது. வேலை கடினமானதே, ஆயினும் வேகம் உழைப்பவன் கையில், அன்றேல் காலில், இருந்தது.

இங்கிலாந்தில் தோன்றிய மிதிபொறி இதற்கு நேர்மாறானது. அரைவைத் தொழிலாளி ஒருவரின் மகனாய் 1785ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் கியூபிற் என்னும் பொறியியலாளர், சிறைக்கைதிகள் சோம்பியிருத்தலைத் தவிர்க்கவேண்டும் என்னும் நோக்குடன் 1818ஆம் ஆண்டளவில் மிதிசக்கரம் ஒன்றை அமைத்தார். சவோக்கு மாகாணத்துப் பெரி சென் எட்மன்ஸ் சிறையில் அது இடம்பெற்றது. 1821இல் இலண்டனைச் சார்ந்த பிறிக்ஸ்ரன் சிறையில் நிறுவப்பட்ட பெருஞ்சக்கரம் தானியம் அரைத்தது. சக்கரத்தின் புறத்தே படிகள் வரிசையாய் அமைந்திருக்கும். கைதிகள் மேலேயுள்ள கம்பியைப் பற்றிக்கொண்டு அப்படிகளில் ஏறுவர். ஏற ஏறப் படி கீழே நழுவும்; ஏறியவன் ஏறிய இடத்திலேயே நிற்பான். பல சிறைகளிலே அச்சக்கரம் எதையும் அரைக்காது வெறுமனே சுழன்றது. காற்றை அரைப்பதாகக் கைதிகள் அதனை இகழ்ந்தனர். மேற்கிந்தியத் தீவுகளில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின்னரும், பயிற்சித் தொழிலாளர் என்னும் பெயரால் கட்டுண்டிருந்த கறுப்பின மக்களைத் தண்டிக்க யமேக்காவில் இதே சக்கரம் பயன்பட்டது. எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டு 1895இல் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றபோது பென்ரன்வில் சிறையிலே இதனை மிதித்தார். 1898ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டத்தின் பின்னரே பிரித்தானியாவில் மிதிசக்கரம் மறைந்தது. கியூபிற்றோ 1851இல் பளிங்கு மாளிகையின் கட்டடப்பணியை மேற்பார்த்தமைக்காக 'சேர்' பட்டம் பெற்றார்!

தண்டனைக் கருவி ஆய்வுக்கருவியாக மாறிய இடமும் சிறையே. 1850களில் எட்வேட்டு சிமித்து என்னும் வைத்தியர் இலண்டனிலுள்ள கோல்பாத்து பீல்ட்ஸ் சிறைக்குச் சென்று, மிதிசக்கரத்தில் ஏறுவோர் எவ்வளவு காற்றை உள்வாங்குகின்றனர் என்பதை அளந்தார். தாமே சக்கரத்தில் ஏறியும் அவர் அளவெடுத்தார். உழைப்புக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். பின்னர் பேர்லினில் நதான் சுன்ற்சு என்பார் 1889இல் ஓடும் பட்டையோடு கூடிய பொறியை அமைத்து விலங்குகளின் உடலியக்கத்தை ஆராய்ந்தார். 1963இல் அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட்டு புறூசு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி இதயத்தைச் சோதிக்கும் முறையை வகுத்தார். இன்றும் வைத்தியசாலைகளில் இதயநோய்ச் சோதனைக்கு அவர் பெயரால் அம்முறை வழங்குகின்றது. 1968இல் கென்னத்து கூப்பர் எழுதிய நூலொன்றைப் படித்த வில்லியம் ஸ்ரோப் என்னும் பொறியியலாளர், வீட்டிலே வைத்தோடத்தக்க மலிவான பொறி ஒன்றை ஆக்கினார். அவர் 2012இல் தமது 96ஆவது வயதில் காலமானார். நூறாண்டுக்கு முன் தண்டனையாய் இருந்ததை மக்கள் பணங்கொடுத்து வாங்கும் காலம் இவ்வாறு பிறந்தது.

வீட்டுப்பொறிகள் பெருகியபோதே அடிநிலம் பற்றிய வினா கூர்மை பெற்றது. கியூபிற்றின் சக்கரத்தில் ஏறுபவன் துள்ளுவதில்லை. அவன் துன்பம் ஓயாத ஏற்றத்தால் விளைந்தது. ஓடுபவனோ ஒவ்வோர் அடியிலும் நிலத்தைவிட்டு எழுந்து மீண்டும் விழுகின்றான். அவ்வேளை அவன் காலின்மேல் உடற்பாரத்தின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தாக்கும். தொடக்ககாலப் பொறிகளிலே பட்டையின் கீழ் இருந்தது இரும்புச் சட்டத்தில் இறுகப் பொருத்திய பலகை. அது வளையாது, ஆகவே தாக்கம் முழுவதையும் காலே ஏற்றது. இதற்குப் பரிகாரமாகப் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே றப்பர்த் துண்டுகளை வைத்தனர். ஆயின் எவ்வளவு மென்மை வேண்டும்? மெலிந்த பெண்ணுக்கும் பருத்த ஆடவனுக்கும், நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் ஒரே றப்பர் பொருந்துமா?

இதற்கு விடைதரும் வழியைத் திறந்தவர் ஹாவாட் பல்கலைக்கழகத்துத் தோமசு மக்மாகன் ஆவார். பொறியியற் பேராசிரியராய் இருந்துகொண்டே நாவல்களும் எழுதிய விந்தை மனிதர் அவர். ஓடுபவனின் காலை அவர் ஒரு வில்லாகக் கொண்டார். ஓடும் தரையையும் மற்றொரு வில்லாகக் கொண்டார். இரு விற்களும் ஒன்றோடொன்று இசைந்தால் ஓட்டம் விரையும் என்று கணித்தார். பீற்றர் கிறீனுடன் சேர்ந்து அவர் வகுத்த உள்ளரங்க ஓட்டத்தளம் 1977இல் ஹாவாட்டில் திறக்கப்பட்டது. அதில் ஓடியோரின் வேகம் நூற்றுக்கு 2 முதல் 3 வரை கூடியது. காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

அப்படியாயின் மணல் ஏன் ஓடுபவனை விரைவிக்கவில்லை? 1998இல் பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவுறுத்துகின்றது. மணலில் நடப்பதற்குக் கடினத் தரையில் நடப்பதைக் காட்டிலும் 2.1 முதல் 2.7 மடங்கு வரை ஆற்றல் வேண்டும், ஓடுவதற்கு 1.6 மடங்கு வேண்டும். ஓடுவதைவிட நடப்பவனையே மணல் கூடுதலாகத் தண்டிக்கின்றது என்பது வியப்பான முடிபு. காரணம் யாதெனில், வில் தன்னை அமுக்கிய ஆற்றலைத் திருப்பித் தருகின்றது, மணல் தருவதில்லை. பாதம் மணலைத் தள்ளிப் புதைகின்ற வேலை அங்கேயே அழிந்துவிடுகின்றது. மென்மை என்று ஒரு சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் இரண்டு: தாங்கித் திருப்பும் மென்மை ஒன்று, விழுங்கிவிடும் மென்மை மற்றொன்று. 'அதிர்ச்சி தாங்கும்' என்னும் விளம்பரச் சொல் இவ்விரண்டையும் கலந்துவிடுகின்றது.

மன்னார்க் கரையில் கரைவலை இழுப்போரின் உழைப்பை இக்கணக்கோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். கடலிலே வளைத்த வலையின் இரு கயிறுகளையும் இரு குழுவினர் கரையில் நின்று இழுப்பர். பின்னோக்கிச் சாய்ந்து குதிகாலை மணலில் ஊன்றி அடியடியாகப் பின்வாங்குவர். கயிற்றின் முடிவுக்கு வந்தவர் மீண்டும் நீரோரம் சென்று கயிற்றைப் பற்றுவர். வலையின் பாரம் ஒருபுறம் இழுக்க, ஊன்றிய குதிகாலின்கீழ் மணல் மறுபுறம் சரிகின்றது. அவர் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு வலைக்கும் செல்லாது மணலுக்கே போகின்றது. அண்மைக்காலத்தில் இலங்கையின் கரைகள் பலவற்றில் உழவுயந்திரத்திற் பூட்டிய சுழலியால் வலையிழுக்கும் வழக்கம் புகுந்தது. உடல்நோவு குறைந்தது மெய்யே. ஆனால் கரைவலையில் இழுத்தவர்க்குப் பங்கு உண்டு. இழுக்கும் கைகள் குறைந்தால் பங்கு பெறுவோரும் குறைவர். ஆகவே இம்மாற்றம் சண்டைக்கும் முறைப்பாட்டுக்கும் இடமானது. காலின் நோவைப் போக்கும் கருவி யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்று கேளாது அதனைப் புகழ்தல் பொருந்தாது.

நிற்க, மென்மையை வேண்டியவாறு மாற்றும் பொறிக்கு மீள்வோம். மக்மாகன் 1999இல் மறைந்தபின், அவர் பங்கேற்ற ஆராய்ச்சி ஒன்று 2002இல் வெளிவந்தது. தரையின் விறைப்பை ஐந்து நிலைகளில் மாற்றத்தக்க ஓடுபொறி ஒன்றிலே எண்மர் செக்கனுக்கு 3.7 மீற்றர் வேகத்தில் ஓடினர். மிக வன்மையான நிலையில் விறைப்பு மீற்றருக்கு 945.7 கிலோநியூற்றன், மிக மென்மையான நிலையில் 75.4. எழுபது கிலோகிராம் நிறையுடைய ஒருவர் தம் பாரத்தின் இரண்டரை மடங்கு விசையோடு மிதிப்பதாகக் கொண்டால், முந்தியதில் பலகை இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே தாழும். பிந்தியதில் ஏறக்குறைய 2.3 சென்ரிமீற்றர் தாழும். வன்மையிலிருந்து மென்மைக்கு வந்தபோது ஓடுபவரின் ஆற்றற்செலவு நூற்றுக்கு 12 குறைந்தது. மணலிலே கூடிய செலவு இங்கே குறைந்தமைக்குக் காரணம், தாழ்ந்த பலகை மீண்டெழுந்து காலுக்கு உதவியமையே.

வீட்டுப்பொறிகளிலே இம்மாற்றத்தைச் செய்யும் வழிகள் எளியன. மிக அழகியது பட்டைவில்லின் முறை. இரு தாங்கிகளுக்கிடையே கிடக்கும் பட்டையின் விறைப்பு, அத்தாங்கிகளின் இடைத்தூரத்தின் மும்மடிக்கு நேர்மாறாக அமையும். தூரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகையால் தாங்கியைச் சிறிதே நகர்த்தினும் பெரும் மாற்றம் விளையும். ஒருபுறம் வன்மையும் மறுபுறம் மென்மையும் உடைய றப்பரைத் திருப்பிவைப்பதும், காற்றுப்பைகளின் அமுக்கத்தைக் கூட்டிக் குறைப்பதும் வேறு முறைகள். பாதம் வந்து விழும் முற்பகுதியை மென்மையாகவும், உந்தியெழும் பிற்பகுதியை வன்மையாகவும் அமைத்தலும் உண்டு.

இவற்றை விற்போர், காலின் தாக்கம் இத்தனை பங்கு குறையும் என்று எண்களை அள்ளி வீசுவர். ஆனால் கால் உயிரற்ற கம்பமன்று. 1998இல் பெரிசு, பாளி முதலியோர் கண்டவாறு, தரை மென்மையானால் ஓடுபவன் தன் காலை விறைப்பாக்கிக்கொள்கின்றான். உடலின் மொத்த அசைவு மாறாது நிற்கின்றது. 2002ஆம் ஆண்டு ஆராய்ச்சியிலும் காலின் விறைப்பு நூற்றுக்கு 29 கூடியிருந்தது. பலகை தருகின்ற சலுகையைக் கால் தானே ஈடுசெய்துவிடுகின்றது. அதற்காக மென்மை பயனற்றது என்றும் சொல்லுதற்கில்லை. இலக்சம்பேக்கில் 848 ஓட்டவீரரைக்கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், வன்மையான அடித்தோலுடைய சப்பாத்தணிந்தோர்க்கே காயங்கள் கூடுதலாய் நேர்ந்தன. எனினும் மென்சப்பாத்தால் பயன்பெற்றவர் நிறைகுறைந்தோரே. பாரமுடையவருக்கே மெத்தை வேண்டும் என்று கடைக்காரரும் வாங்குவோரும் ஒருங்கே நம்பியது இவ்வாறு பொய்த்தது.

அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு ஓடுபவனுக்காக அன்றி, ஓடும் இடத்துக்காக வேண்டப்பட்ட நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பாரமற்று மிதக்கும் உடலை இழுவார்களாற் பொறியோடு பிணித்தே ஓடவேண்டும். ஒவ்வோர் அடியும் நிலையத்தை அசைத்து, நுண்ணிய பரிசோதனைகளைக் கெடுக்கக்கூடும். எனவே அங்குள்ள ஓடுபொறி அதிர்வு தனிப்படுத்தும் அமைப்போடு வைக்கப்பட்டது. குசராத்தியரின் வழித்தோன்றலான சுனிதா வில்லியம்ஸ் 2007ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆந் திகதி, பொஸ்ரன் நகரத்து மரதன் ஓட்டத்தைப் பூமியைச் சுற்றிக்கொண்டே அப்பொறியில் ஓடி, நான்கு மணி 24 நிமிடத்தில் முடித்தார்.