கத்தி இல்லாத 'காமா கத்தி': திரும்பி வரும் மூளைக் கட்டியின் கதை

"டாக்டர், தலையைத் திறக்காமலே கதிர் வச்சு மூளைக் கட்டியைக் கரைச்சிடலாமாமே?"

அடிக்கடி வர்ற கேள்வி. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு முன்னாடி போய்ட்டு வருவோம், வாங்க.

லியோனார்ட் வுட்னு ஒரு அமெரிக்க ராணுவத் தளபதி. அவருக்கு வலிப்பு வந்தது. காரணம், மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் முளைத்த கட்டி. 1910ல் ஹார்வி குஷிங் என்ற அறுவை நிபுணர் அதை எடுத்தார். வுட் எழுந்து வேலைக்குப் போனார். 1920ல் அதிபர் வேட்பாளராகக் கட்சிக்குள் மோதிப் பார்த்தார், தோற்றார். பிறகு பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரல் ஆனார். ஆனா கட்டி மறுபடி வளர்ந்தது. 1927ல் அதே குஷிங் மறுபடி ஆபரேஷன் செய்தார். இந்த முறை வுட் பிழைக்கல.

இந்தக் கட்டிக்கு 'மெனிஞ்சியோமா'ன்னு 1922ல் பேர் வச்சதும் குஷிங்தான்.

ஏன் திரும்ப வருது? 1957ல் டொனால்ட் சிம்ப்சன் கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டியை, அது ஒட்டியிருந்த உறையோடும் எலும்போடும் சேர்த்து எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. பாதியோடு விட்டவர்களில் 44 சதவீதம். சரி, முழுசா எடுத்துடலாமே? கபாலத்தின் அடித்தளத்துல, பார்வை நரம்பையும் ரத்தக்குழாயையும் சுற்றிக்கிட்டு இருந்தா எப்படி எடுக்கறது?

இங்கேதான் ஸ்வீடன்காரர் லார்ஸ் லெக்செல் வர்றார். 'கதிர் அறுவை' என்ற சொல்லை 1951லேயே எழுதிட்டார். யோசனை எளிது. தேர் வடத்தை ஒரு ஆள் இழுத்தா தேர் அசையாது, ஊரே இழுத்தா நகரும். அதுபோல பல திசையிலிருந்து மெல்லிய கதிர்கள். தனித்தனியா மூளைக்குப் பெரிய தீங்கில்லை. எல்லாம் சந்திக்கிற அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் முழு அடி. முதலில் எக்ஸ்ரே, பிறகு இயற்பியலாளர் போர்யே லார்சனோடு உப்சாலாவில் புரோட்டான், கடைசியில் 1968ல் ஸ்டாக்ஹோமில் 179 கோபால்ட் மூலங்கள் கொண்ட முதல் காமா கத்தி. பேர்தான் கத்தி!

வேடிக்கை என்னன்னா, அவர் மனசுல முக்கியமா இருந்தது கட்டி இல்லை. தீராத வலி, பார்கின்சன் நடுக்கம் இதுக்கெல்லாம்தான் கருவியைச் செஞ்சார். சிடி, எம்ஆர்ஐ வந்து கட்டியின் ஓரம் தெளிவா தெரிஞ்ச பிறகுதான் மெனிஞ்சியோமாவுக்கு இது பெரிய துணை ஆச்சு. அப்பவும் கட்டி கரைஞ்சு மறையறது அபூர்வம். வளர்ச்சி நின்னாலே வெற்றி.

ஆனா மூர்க்கமான வகைகள்ல கதை வேற. கிரேடு 2, 3 கட்டிகளின் செல்கள் ஸ்கேனில் தெரியும் ஓரத்தையும் தாண்டிக் கசிஞ்சிருக்கும். புள்ளி வச்சு அடிச்ச இடம் அடங்கும், பக்கத்துல மறுபடி முளைக்கும். அதனால இவற்றுக்கு முதல்ல ஆபரேஷன். பிறகு பெரும்பாலும் கொஞ்சம் அகலமான பகுதிக்கு ஏறக்குறைய ஆறு வாரம் தினசரிக் கதிர்வீச்சு. கதிர் அறுவை, மிச்சமிருக்கும் அல்லது திரும்பி வந்த சின்னத் துண்டுக்கு. பொதுவா 3 செ.மீ.க்குள் இருந்தா நல்லது.

'கத்தியின்றி ரத்தமின்றி'ன்னு விளம்பரம் பார்த்துட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடறவங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தா, பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து கிரேடு என்னன்னு பாருங்க. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த எண்ணை வச்சே பேச்சைத் தொடங்குங்க.