65 டொலர் டொக்டர்கள்

அமெரிக்காவில ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போற பிள்ளை ஒரு கேள்விக்கு எப்பிடியும் ஆயத்தமா இருக்கவேணும்: ஏன் டி.ஓ.? எம்.டி. கிடைக்காமத்தான் இங்க வந்தனீரோ எண்டதுதான் அதுக்குள்ள இருக்கிற சந்தேகம்.

சந்தேகம் பழசு. 1864இல் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற வைத்தியரின் மூன்று பிள்ளைகள் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார்கள். அந்தக்கால மருந்துகளில் அவருக்கிருந்த நம்பிக்கையும் அதோட போச்சு. எலும்பும் தசையும் சீராக இருந்தால் உடம்பு தன்னைத் தானே குணமாக்கும் என்று சொல்லி, 1892இல் மிசூரியின் கேர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவு திறக்காத காலம் அது.

எம்.டி.க்காரர் இவர்களைப் போலிகள் எண்டுதான் பார்த்தவை. இரண்டாம் உலகப் போரில்கூட இராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக எடுக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் பகிடி. 1962இல் கலிபோர்னியாவில் 65 டொலர் கட்டினால் டி.ஓ. ஒருவர் எம்.டி. ஆகலாம் என்றானது. ஏறத்தாழ 2000 பேர் அப்படி மாறினார்கள். லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஒஸ்டியோபதிக் கல்லூரியே எம்.டி. கல்லூரியாயிற்று. 65 டொலரோட சரியாகிற ஆள் நேற்றுவரைக்கும் எப்பிடிப் போலியா இருந்தவர்?

அதோடு அங்கே புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் கொடுப்பதும் நின்றது. 1974இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒஸ்டியோபதிக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். கேள்வி மட்டும் இன்னும் மாறேல்ல.