எலும்பு மஜ்ஜையில் ஓர் உட்பகை

1888-ஆம் ஆண்டு. பெர்லின் நகரிலே கருவுற்றிருந்த ஓர் இளம்பெண் உடல் வெளுத்து, இரத்தப் பெருக்கும் காய்ச்சலும் கண்டு மாண்டாள். அவளுடைய தொடை எலும்பை ஆராய்ந்த பால் எர்லிக் என்னும் மருத்துவர் திகைத்தார். இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் செந்நிற மஜ்ஜை அங்கே இல்லை. மஞ்சள் நிறக் கொழுப்பே நிறைந்திருந்தது. சாதாரணமாக, இரத்தம் குறைந்தால் மஜ்ஜை முன்னிலும் மும்முரமாக உழைக்கும். இங்கோ பட்டறையே பாழ்பட்டுக் கிடந்தது. அப்லாஸ்டிக் அனீமியா என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற நோய் இதுவே.

பட்டறையைப் பாழாக்கியது யார்? சிலரிடத்தில் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் பழி சுமந்தன. பெரும்பாலோரிடத்தில் காரணம் ஏதும் புலப்படவில்லை.

எர்லிக்கோ வேறு ஆராய்ச்சிக்குச் சென்றுவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரும் மார்கன்ராத் என்பவரும் ஆடுகளுக்கு வேற்று ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தனர். அந்த அந்நிய அணுக்களை அழிக்கும் பொருள் உண்டாயிற்று. ஆனால் அது ஆட்டின் சொந்த அணுக்களைத் தீண்டவில்லை. தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள உடல் அஞ்சும் என்று எர்லிக் முடிவு கட்டினார். நோய்த் தடுப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபெல் பரிசும் பெற்றார். அத்தகையவரின் வாக்கை மறுக்க எளிதில் யாருக்குத் துணிவு வரும்?

மறுப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1970-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஜார்ஜ் மாத்தே இந்நோயாளிகளுக்குப் பிறர் மஜ்ஜையைச் செலுத்தினார். அதனை உடல் தள்ளிவிடாதிருக்க, நிணவணுக்களை ஒடுக்கும் சீரம் ஒன்றை முன்னதாகக் கொடுத்தார். செலுத்திய மஜ்ஜை நிலைக்கவில்லை. ஆயினும் சிலர் தேறினர்! அவர்களுடைய சொந்த மஜ்ஜையே மீண்டும் தளிர்த்திருந்தது. அப்படியானால் குணம் தந்தது எது? தோற்றுப்போன மஜ்ஜையா, துணைக்கு வந்த சீரமா?

1977-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புரூனோ ஸ்பெக் முதலியோர் வெளியிட்ட முடிவுகள் சீரத்தின் பக்கமே சாய்ந்தன. கிருமிகளோடு போரிட வேண்டிய டி நிணவணுக்கள், அனைத்து இரத்த அணுக்களுக்கும் தாயான மூல அணுக்களையே கொன்றுவந்தன என்பது பின்னர் ஆராய்ச்சிகளால் வலுப்பெற்றது. வேதனை என்னவென்றால், அப்படையைக் கருவிகொண்டு ஒடுக்கும்போது நோயாளி கிருமிகளுக்கு எளிதில் இரையாகிறார். அவரிடம் வெள்ளணுக்கள் முன்னரே மிகக் குறைவு.

பிற்பாடு சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தும் சீரத்துடன் சேர்ந்தது. பொருத்தமான உடன்பிறந்தார் இருப்பின் இளையோருக்கு மஜ்ஜை மாற்றுவதே இன்று முதல் வழி. மருந்தால் தேறியவர்களில் சிலருக்கு நோய் திரும்புகிறது. வேறு சிலருக்கு ஆண்டுகள் கழிந்தபின் மஜ்ஜையில் புற்றுநோய் தோன்றுகிறது. ஆகவே தேறிய பின்னரும் அவர்களுடைய இரத்தத்தை மருத்துவர்கள் பல்லாண்டுகள் சோதித்து வருகிறார்கள்.