பொதெரோசாவில் போன இரண்டு பேர்

சே குவேராவின் முகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. டி-ஷர்ட், ஹாஸ்டல் சுவர், பைக்கின் பெட்ரோல் டேங்க் என்று எங்கு திரும்பினாலும் அந்தத் தொப்பியும் நட்சத்திரமும்தான். 1960 மார்ச் 5-ம் தேதி ஹவானாவில் ஆல்பெர்டோ கோர்டா எடுத்த புகைப்படம் அது. சரி, ஆல்பெர்டோ கிரனாடோவை எத்தனை பேருக்குத் தெரியும்? 'மோட்டார் சைக்கிள் டைரீஸ்' படம் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். கூடவே போன நண்பர்!

உண்மையில் கூடவே போனது எர்னெஸ்டோதான். பைக் கிரனாடோவுடையது. 1939-ம் வருட மாடல் நார்ட்டன், 500 சிசி. அதற்கு அவர் வைத்த பெயர் 'லா பொதெரோசா II'. பலசாலி என்று அர்த்தம். பெயரில் மட்டும்தான் பலம் என்பது பிறகு தெரிந்தது.

இருவரும் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் பழகியவர்கள். கிரனாடோ 1922-ல் பிறந்தவர், எர்னெஸ்டோ 1928. ஆறு வயது வித்தியாசம். கிரனாடோவின் தம்பி டொமாஸ் எர்னெஸ்டோவின் வகுப்புத் தோழன். அந்தப் பழக்கத்தில் வந்த நட்பு. எர்னெஸ்டோவுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சுத் திணறும் அந்தப் பையனை ரக்பி டீமில் சேர்த்து விளையாட வைத்தவர் கிரனாடோ. 'நீ நோயாளி, ஓரமாக உட்கார்' என்று சொல்லாத ஒரு நண்பன் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள்.

1952 ஜனவரியில் புறப்பட்டபோது எர்னெஸ்டோ 23 வயது மருத்துவ மாணவர். கிரனாடோ 29 வயது உயிர்வேதியியல் நிபுணர், தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். புரட்சி செய்யவெல்லாம் கிளம்பவில்லை. ஊர் சுற்றக் கிளம்பினார்கள், அவ்வளவுதான். எர்னெஸ்டோ தன் காதலிக்குக் கொடுக்க ஒரு நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்!

பிப்ரவரியில் ஏரிகள் வழியாக ஆண்டீஸ் மலையைக் கடந்து சிலிக்குள் நுழைந்தார்கள். பைக் விழுவதும், கம்பி கட்டி ஓட்டுவதும், மறுபடி விழுவதும் தினசரி வேலை. தெமுகோவில் ஒரு பத்திரிகை இவர்களைத் தொழுநோய் நிபுணர்கள் என்று செய்தி போட்டது. அதைக் காட்டியே பல இடங்களில் சாப்பாடும் தங்க இடமும் கிடைத்தன. ஓர் ஊரில் தீயணைப்பு நிலையத்தில் தங்கி, இரவில் தீயை அணைக்கவும் போனார்கள். கடைசியில் பொதெரோசா முழுவதுமாகப் படுத்துவிட்டது. சான்டியாகோவில் அதை விட்டுவிட்டு நடராஜா சர்வீஸ்.

பயணத்தின் முக்கியமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பைக்கில் போகிறவன் ஊரைத் தாண்டிப் போய்விடுவான். நடந்து போகிறவன் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார வேண்டும், லாரிக்காரரிடம் கெஞ்ச வேண்டும். பணம் இல்லாதவர்களோடு சேர்ந்தே போக வேண்டும். வண்டி கெட்டுப் போகாமல் இருந்திருந்தால் அந்த டைரி வெறும் ஊர் சுற்றிய கதையாகவே முடிந்திருக்கலாம்.

வால்பராய்சோவில் ஆஸ்துமாவால் சாகக் கிடந்த ஒரு மூதாட்டியை எர்னெஸ்டோ பார்க்கப் போனார். வேலைக்காரியாக உழைத்து ஓய்ந்தவர். மருத்துவம் படிக்கிற பையன், அதே நோய் உள்ளவன், ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது மருந்து மட்டும் அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. சம்பாதிக்க முடியாத ஏழை, வீட்டில் உள்ளவர்களுக்கே பாரமாகிவிடும் நிலைமையை அவர் டைரியில் கசப்போடு எழுதினார்.

மார்ச் மாதம், சிலியின் வடக்கே பாலைவனத்தில் பக்கெடானோ என்ற இடம். அங்கே ஒரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்தித்தார்கள். அந்த மனிதர் கம்யூனிஸ்ட். அப்போது சிலியில் 1948-ம் வருடச் சட்டத்தால் அந்தக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. சிறைக்குப் போய்விட்டு வந்தவருக்கு எங்கும் வேலை இல்லை. மலையில் உள்ள கந்தகச் சுரங்கத்துக்குப் போகிறார். அங்கே வேலை அவ்வளவு மோசம், அதனால் யாரும் கட்சியைக் கேட்க மாட்டார்கள்! கொட்டும் குளிரில் அந்த இருவருக்கும் போர்த்திக்கொள்ள ஒரு போர்வைகூட இல்லை. நண்பர்கள் தங்களிடம் இருந்ததில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் இருவரும் ஒடுங்கிப் படுத்தார்கள். தன் வாழ்க்கையில் அதிகம் குளிர்ந்த இரவுகளில் ஒன்று என்று எர்னெஸ்டோ எழுதினார்.

அடுத்தது சுக்கிகமாட்டா. உலகின் மிகப் பெரிய திறந்தவெளித் தாமிரச் சுரங்கங்களில் ஒன்று. அன்று அனகோண்டா என்ற அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்தது. (1971-ல் அயெண்டே அரசு தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது.) உற்பத்திச் செலவு என்றால் மூலப்பொருள், கூலி, இதரச் செலவு என்றுதான் காஸ்டிங் பாடத்தில் வரும். சுரங்கத்தின் இடுகாடுகளில் கிடப்பவர்களை எந்தத் தலைப்பில் எழுதுவது? அந்த 23 வயதுப் பையனின் டைரியை உறுத்தியது இந்தக் கணக்குதான்.

பிறகு பெரு. டிடிகாகா ஏரி, குஸ்கோ, ஏப்ரலில் மச்சு பிச்சு. அங்கே கிரனாடோ விளையாட்டாக ஒரு திட்டம் சொன்னாராம். இன்கா வம்சத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, பூர்வகுடிகளுக்கு ஒரு கட்சி தொடங்கி, ஓட்டு வாங்கி ஆட்சியைப் பிடிக்கலாம் என்று. துப்பாக்கி இல்லாமல் புரட்சியா, உனக்குப் பைத்தியமா என்று எர்னெஸ்டோ கேட்டதாகக் கிரனாடோ பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இதைப் படித்ததும், பயணம்தான் அவரை மாற்றிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1943-ல் மாணவர் போராட்டத்தில் கிரனாடோ கைதானபோதும் இதே கதைதான். ஊர்வலம் நடத்து என்று கேட்டதற்கு, ரிவால்வர் கொடுத்தால் வருகிறேன் என்றாராம் 15 வயது எர்னெஸ்டோ. ஆக, மலைப்பாதை புதிதாக ஒரு மனிதனைச் செய்துவிடவில்லை. உள்ளே இருந்த கோபத்துக்கு ஒரு முகவரி கொடுத்தது.

லிமாவில் டாக்டர் ஹியூகோ பெஸ்சே இவர்களைத் தொழுநோயாளிகளிடம் அழைத்துப் போனார். கையுறை போடாமல் கை குலுக்கி, கூட உட்கார்ந்து பேசிய இந்த இருவருக்கும், புறப்படும்போது நோயாளிகள் தங்களுக்குள் வசூல் செய்து நூறு சோலுக்குச் சற்று அதிகமான பணம் கொடுத்தார்கள். ஜூன் மாதம் அமேசான் கரையில் சான் பாப்லோ தொழுநோய்க் குடியிருப்பு. 14-ம் தேதி எர்னெஸ்டோவுக்கு 24-வது பிறந்தநாள். மெக்சிகோ முதல் மகெல்லன் நீரிணை வரை எல்லாரும் ஒரே இனம் என்று அங்கே பேசினார்.

ஜூலை 26, கராகஸ். கிரனாடோவுக்கு அங்கே தொழுநோய் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எர்னெஸ்டோ படிப்பை முடித்துவிட்டு அங்கேயே வந்து சேர்வதாகப் பேச்சு. 1953-ல் டாக்டராகி, வெனிசுவேலாவை நோக்கிக் கிளம்பவும் செய்தார். ஆனால் வழியில் குவாட்டமாலாவுக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1955-ல் மெக்சிகோவில் ஃபிடல், 1959-ல் கியூபப் புரட்சியின் வெற்றி. அதே 1959-ல் லா கபானா கோட்டையில் அவர் பொறுப்பில் நடந்த விசாரணைகளும் மரண தண்டனைகளும் உண்டு. டி-ஷர்ட் அதைச் சொல்லாது. போர்வையைக் கொடுத்தவரும் அவர்தான், தண்டனையை உறுதி செய்தவரும் அவர்தான். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது, போஸ்டர்தான் ஆகும்.

கிரனாடோ? 1961-ல் நண்பன் அழைக்க, குடும்பத்தோடு கியூபாவில் குடியேறினார். 1962-ல் சான்டியாகோ டி கியூபாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கியவர்களில் ஒருவர். துப்பாக்கி தூக்கவில்லை. வகுப்பு எடுத்தார், ஆராய்ச்சி செய்தார். 1967 அக்டோபர் 9-ல் பொலிவியாவில் சே கொல்லப்பட்ட பிறகும் 43 வருடங்கள் வாழ்ந்து, 2011 மார்ச் 5-ல் ஹவானாவில் தனது 88-வது வயதில் இறந்தார்.

ஒரே சாலை, ஒரே பசி, பங்கு போட்ட ஒரே போர்வை. ஆனால் ஒருவர் மருந்து போதாது என்று முடிவு செய்தார், மற்றவர் மருந்தைக் கைவிடவில்லை. யார் செய்தது சரி என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வேறுபட்ட முடிவுக்குப் பிறகும் இருவரும் கடைசி வரை நண்பர்களாக இருந்தார்கள் என்பது நிச்சயம்.

அடுத்த முறை அந்த டி-ஷர்ட்டைப் பார்த்தால், பைக்கின் சொந்தக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.