நின்றுபோன பத்து விநாடி



1983-ஆம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நான் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். மூன்றாம் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பித்துக்கொண்டே வருவாள். நடுவில் திடீரென்று நின்றுவிடுவாள். கண் திறந்தே இருக்கும்; இமை மட்டும் மெல்லத் துடிக்கும். பத்து விநாடி சென்றதும், ஒன்றுமே நிகழாததுபோல மேலே தொடங்குவாள். இடையே நான் அழைத்தது அவள் காதில் விழுந்திராது. நாள்தோறும் பலமுறை இவ்வாறு நடந்தது. கவனக்குறைவு என்று நான் முடிவு கட்டினேன். பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினேன், பிரம்பையும் எடுத்தேன். அந்தப் பிரம்பை நான் கீழே வைத்ததற்குப் பின்னே நிற்கும் வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன்.

என் கண்ணைத் திறந்தவள் அவள் தாய். "வாத்தியார் ஐயா, சோற்றைப் பிசைந்த கை வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றுவிடுகிறது. பசியிலுமா ஒரு பிள்ளை பராக்குப் பார்க்கும்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

அவள் தந்தையோடு நானும் சென்னைக்குச் சென்றேன். நரம்பு மருத்துவர் ஒருவர் காகிதக் காற்றாடி ஒன்றைச் சிறுமியின் கையில் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, ஊதுவது நின்றது, பார்வை நிலைத்தது. அவள் தலையில் பொருத்திய கம்பிகளின் வழியே மூளையின் மின்னலைகளைத் தாளில் வரைந்துகொண்டிருந்த பேனாக்கள் மட்டும் ஓங்கி ஆடின. ஒரு கூர்முனை, அதையடுத்து ஓர் அலை; விநாடிக்கு மூன்று முறை, அளந்து வைத்ததுபோல. "இதுவும் காக்கை வலிப்பின் ஓர் இனமே. கைகால் இழுக்காததால் கண்ணுக்குத் தெரிவதில்லை" என்றார் மருத்துவர்.

அந்தத் தாளுக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. இந்நோயின் குறிகளைப் பிரான்சு நாட்டுப் பூப்பார் 1705-இலேயே எழுதி வைத்தார். 1824-இல் கால்மெய் என்பவர் இதற்கு 'ஆப்சான்ஸ்' என்று பெயரிட்டார். வராமை என்பது அதன் பொருள். நாம் பள்ளிப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' என்று குறிக்கிறோமே, அச்சொல்லின் உறவே இது. உடல் வந்திருக்கிறது, உள்ளம் வரவில்லை! மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த முறையை ஜெர்மானியராகிய ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். 1935-இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகியோர், விநாடிக்கு மூன்று என்னும் இந்த அலையே வராமையின் அடையாளம் என்று காட்டினர்.

அலை எங்கே பிறக்கிறது? குழந்தையின் மூளைக்குள் கம்பி செருகிப் பார்க்க இயலாதன்றோ? ஆகவே ஆராய்ச்சி விலங்குகளை நாடியது. மூளையின் நடுவே தலாமஸ் என்றொரு பகுதி உண்டு. கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் அதன் வழியாகவே மூளையின் மேற்புறணியை அடைகின்றன. 1940-களில் கனடா நாட்டு மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில் ஜாஸ்பர் என்பவரும் அவர் துணைவரும் பூனையின் தலாமஸை விநாடிக்கு மூன்று முறை மின்சாரத்தால் தூண்டினர். உடனே இருபுறப் புறணியிலும் அதே போன்ற அலை எழுந்தது. குற்றவாளி நடுவில் இருக்கிறான் என்று அக்காலத்தார் கருதினர். அந்நிலையத்தில் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டியே 1949-இல் வேலூருக்கு வந்து, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1951-இல் அவரும் டாக்டர் பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

பின்னர் வழக்குத் திரும்பியது. பூனைக்கு மிகுதியான பெனிசிலின் கொடுத்தால் இதே அலை தோன்றுவதை 1969-இல் கண்டனர். மான்ட்ரியலில் குளோர் என்பவர் அதை ஆராய்ந்து, தலாமஸ் ஒழுங்காகவே இருக்க, மிகையாகக் கிளர்ந்த புறணியே அதன் இயல்பான துடிப்பைக் கூர்முனை அலையாக மாற்றுகிறது என்றார். 1980-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கிலும் ஹாலந்தின் நைமேகனிலும், பிறவியிலேயே இந்நோய் உடைய எலி இனங்கள் ஆராயப்பட்டன. 2002-இல் நைமேகன் எலிகளின் புறணியில், வாய்க்கும் மீசைக்கும் உரிய இடத்திலிருந்து அலை புறப்படுவதும், முதல் அரை விநாடி புறணி முன்செல்லத் தலாமஸ் பின்தொடர்வதும் தெரிந்தன.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்த புதுக்கோட்டையாருக்கு இதை எளிதில் விளக்கலாம். விழித்திருக்கும் மூளை நல்லதொரு கச்சேரி. ஒவ்வொருவரும் தத்தம் வரிசையை வாசிக்கின்றனர். வராமையிலோ அனைவரும் ஒரே அடியை மீண்டும் மீண்டும் அடிக்கின்றனர், பாட்டுக்கு இடமில்லை. தலாமஸின் செல்கள் அடக்கப்படும்போது அவற்றின் கால்சிய வாயில்கள் திறப்பதற்கு ஆயத்தமாகின்றன. அடக்கம் தளர்ந்ததும் செல்கள் ஒருசேர வெடித்தெழுகின்றன. 1950-களின் இறுதியிலிருந்தே வழங்கிவந்த எதோசக்சிமைடு என்னும் மருந்து அவ்வாயில்களைத் தணிக்கிறது என்பது 1989-இல்தான் புலப்பட்டது.

எலி குழந்தையன்று. எலியின் அலை விநாடிக்கு ஏழு முதல் பதினொன்று. எலிக்கு நோய் ஆயுள் முழுதும் நீடிக்கிறது. குழந்தைகளிலோ பலருக்குக் குமரப் பருவத்தில் நீங்கிவிடுகிறது. ஆயினும், பேசாத அவ்வுயிர்கள் கூறிய சாட்சியால்தான் குழந்தையின்மீது நாம் சுமத்திய பழி நீங்கியது.

எங்கள் சிறுமி மருந்தால் தேறினாள். வாய்ப்பாட்டை இடைநிற்காமல் ஒப்பித்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எண்ணிச் சென்ற நான் வாயடைத்து நின்றேன். நின்றுபோன பத்து விநாடி அவள் நினைவில் இல்லை. ஆகையால், எதற்காக அடிபட்டோம் என்பதே அவளுக்குத் தெரியாது!

ஆசிரியப் பெருமக்களே, பராக்குப் பார்க்கும் பிள்ளை பெயர் சொல்லித் தொட்டால் திரும்பும். இந்நோயுற்ற பிள்ளை திரும்பாது. பிரம்பை எடுக்குமுன் அருகில் சென்று தோளைத் தொட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால், பெற்றோரை அழைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.