கவலை ஓட்டியவர்கள்

எங்க தோட்டத்துக் கிணத்தோரமா ஒரு சரிவு இருக்கு. நகரத்துல இருந்து வர்ற நண்பர்கள் அதைப் பார்த்துட்டு, "இது எதுக்குங்க, கார் இறக்கவா?"ன்னு கேட்பாங்க. அதுக்குப் பேர் வாரி. கவலை ஓட்டின காலத்துல மாடுங்க இறங்கி ஏறின தடம். இன்னைக்கு அது மேல எருக்கஞ்செடி முளைச்சுக் கிடக்கு.

கவலைன்னா மனக்கவலை இல்லீங்க. மாடு கட்டித் தண்ணி இறைக்கிற முறையை எங்க கொங்குப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். மதுரைப் பக்கம் கமலைம்பாங்க. தகரத்துல செஞ்ச பெரிய சால், அதுக்குக் கீழே தோல்ல தைச்ச தும்பி. சாலை ஒரு வடம் இழுக்கும், தும்பியின் வாயை இன்னொரு கயிறு பிடிச்சிருக்கும். மாடு சரிவுல இறங்க இறங்க சால் மேலே வரும். மேலே வந்ததும் தும்பி வாய் திறந்து தண்ணி வாய்க்கால்ல கொட்டும். பிறகு மாடு பின்னாலேயே நடந்து ஏறணும். மாடு இறங்கும்போது ஓட்டுறவர் வடத்து மேல ஏறி உட்கார்ந்துக்குவார். தன் உடம்பு எடையையும் சேர்த்துக் கொடுத்து மாட்டுக்குப் பாரத்தைக் குறைக்கிற ஏற்பாடு அது.

எங்க அப்பாரு விடியறதுக்கு மூணு நாழிகை இருக்கும்போதே கவலை பூட்டிடுவாராம். பாட்டுப் பாடி சால் எண்ணுவார். நாள் முழுக்க ஓட்டினாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர்தான் நனையும். ஆனா அவர் வீட்டுக்கு வந்ததும் ஆத்தா கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை சாலுங்க?" அதுக்கு அவர்கிட்ட ஒரு பதில் இருந்தது. நான் சொல்ல வர்றதே அந்தப் பதிலைப் பத்தித்தான்.

கவலைக்குப் போட்டி ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. 1900-களின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்ட்டன்னு ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர், சென்னை மாகாணத்துல ஆயில் இன்ஜின் வச்சுத் தண்ணி இறைக்கலாம்னு சோதனை பண்ணிக் காட்டினார். ஆனா எங்க பக்கத்தை உண்மையிலேயே மாத்தினது கரண்ட். 1932-ல் நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின் மோட்டார் செஞ்சுட்டாங்க. 1957-ல் மின்சார வாரியம் வந்த பிறகு கம்பம் ஒவ்வொரு தோட்டமா நடந்து வந்தது. எங்க கிணத்துக்கு அறுபதுகளின் கடைசியில வந்தது. அன்னைக்கு அப்பாரு சாலைக் கழட்டி மாட்டுக் கொட்டாய்ல தொங்கவிட்டார். அவர் சாகிற வரைக்கும் அதை யாரும் எடைக்குப் போடக் கூடாதுன்னுட்டார்.

இங்கே ஒண்ணை மறைக்காம சொல்லணும். கவலை ஓட்டின எல்லாரும் தோட்டக்காரங்க இல்லை. பெரிய பண்ணையங்கள்ல அதை ஓட்டினவங்க பண்ணையாட்கள். கடனுக்கும் வருசக் கூலிக்கும் கட்டுப்பட்டுக் கிடந்தவங்க. தும்பியைத் தைச்சுக் கொடுத்தவங்களைக் கிணத்துத் தண்ணியைத் தொடவிடலை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-ல்தான். எங்க ஊர்ல அப்படிக் கவலை ஓட்டின ஒரு பெரியவர்கிட்ட, "அந்தக் காலம் நல்லா இருந்துச்சுங்களா?"ன்னு ஒருதடவை கேட்டேன். "உங்க அப்பாருக்கு நல்லா இருந்திருக்கும். எனக்கு மோட்டார் வந்த அன்னைக்குத்தான் விடிஞ்சது"ன்னார். அவர் மகன்கள் ரெண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பிழைச்சுக்கிட்டாங்க. அதனால கவலை திரும்ப வரணும்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

மோட்டார் வந்ததும் ஆம்பளைங்க கை ஓய்ஞ்சாலும் மனசு உடனே ஓயலை. போராட்டம் ஒண்ணு வந்தது. 1970-ல் கரண்ட் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்துல பெருமாநல்லூர்ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல மூணு விவசாயிகள் செத்தாங்க. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோயமுத்தூர் ரோடுகளையே அடைச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, மோட்டார் கரண்டுக்காகச் சண்டை போட, மோட்டாரால வேலை இழந்த மாட்டையே பூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. எங்க அப்பா அந்த வண்டிகள்ல ஒண்ணுல போனவர். "ஊர் மொத்தமும் எங்களைப் பார்த்துச்சு"ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.

1990-ல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்னு ஆச்சு. கேட்டது கிடைச்சது. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியலை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின், தண்ணிக்கு சுவிட்ச். கொஞ்சம் கவனிச்சா ஒண்ணு தெரியும். ஏர், கவலை, வண்டி, செக்கு, கதிரடிப்புன்னு மிஷின் முதல்ல எடுத்துக்கிட்டதுல பெரும்பங்கு ஆம்பளை வேலை. களை எடுக்கிறது, கடலைக்காய் பறிக்கிறது, சாணி வழிக்கிறது, பால் பீச்சறது, ஆடு கட்டறது எல்லாம் அப்படியே பொம்பளைங்க கையில நின்னுச்சு. அந்த வேலைக்குப் பாட்டும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனா அது ஒருநாளும் நிக்கலை. இன்னைக்கும் நூறு நாள் வேலைக்குப் போற கூட்டத்தைப் பாருங்க, பெரும்பாலும் பொம்பளைங்கதான். ஆம்பளைங்களுக்குப் பெருமை மிஞ்சிச்சு, அதை வச்சுச் செய்ய வேலை இல்லை.

எங்க அப்பா அந்தப் பெருமையைப் பூமிக்குள்ள தேடினார். கிணறு வத்தினதும் போர் போட்டார். முதல் போர் முந்நூறு அடி, கடைசிப் போர் ஆயிரம் அடி. மொத்தம் ஏழு. ரெண்டுலதான் தண்ணி. ரிக் வண்டி வந்த ராத்திரிகள்ல மட்டும் அவர் பழைய ஆளா இருப்பார். விடிய விடிய நின்னு குழாய் எண்ணுவார். அப்பாரு சால் எண்ணின மாதிரியேன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. அம்மாவோட நகை அதுல போச்சு. கடனை அடைச்சது அம்மா ஊத்தின பால் காசு. அதை அவர் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் ஒத்துக்கலை. சாயங்காலமானா ஊர்ச் சாவடி, பிறகு கடை.

எனக்கும் அதே வழிதான் திறந்திருந்தது. என் மோட்டாரைச் செல்போன்ல இருந்தே ஓட்டலாம். கட்டில்ல படுத்துக்கிட்டே மூணு ஏக்கருக்குத் தண்ணி பாய்ச்சறேன். அப்பாரு கேட்டா நம்ப மாட்டார். பெருமைப்படவும் மாட்டார்.

நாலு வருசம் முன்னாடி வீட்டுக்காரிக்கு மணிக்கட்டு வலி வந்து பால் பீச்ச முடியலை. வேற வழியில்லாம நான் உட்கார்ந்தேன். மாடு உதைச்சது, பால் இறங்கலை. அம்மா பக்கத்துல நின்னு மடியை எப்படித் தடவணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. அப்பா திண்ணையில இருந்து, "ஆம்பளை செய்யற வேலையாடா அது?"ன்னார். நான் பதில் சொல்லலை. மணிக்கட்டு சரியான பிறகும் காலைப் பால் என் வேலையாகவே நின்னுடுச்சு.

அப்பா போய் ஒரு வருசம் ஆச்சு. போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஒரு காலைல நான் தூக்குப் போசியோட வாசலுக்கு வந்தப்போ, கட்டில்ல படுத்தபடியே கேட்டார்: "இன்னைக்கு எத்தனை லிட்டர்டா?"

"ஒம்பதரைங்கப்பா"ன்னேன்.